அறுபது பக்க ஸ்டைல் கைடை யார் படிப்பார்கள்?

வாசகர் கேள்வி: செவிலியர்களுக்கும் கணக்காளர்களுக்கும் இணையவழித் தொழிற்பயிற்சிப் பாடங்கள் தயாரிக்கும் நிறுவனத்தில் எடிட்டராக இருக்கிறேன். ஆறு பேர் எழுதுகிறார்கள். ஆறு விதமாக எழுதுகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே நடைக்குக் கொண்டுவரச் சொன்னார் மேலாளர். உட்கார்ந்து அறுபது பக்கத்துக்கு ஒரு ஸ்டைல் கைடு, அதாவது எழுத்து நடைக்கான விதித் தொகுப்பு, தயாரித்தேன். யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. துறை நிபுணரான மூத்தவர் ஒருவர், "விஷயம் சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க, என் எழுத்தைத் தொடாதீங்க" என்கிறார். தேவையில்லாததைப் பிடித்துத் தொங்குகிறேனா? எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக் கூடாது?

பதில்: நீங்கள் பிடித்திருப்பது தேவையான விஷயம்தான். ஆனால் உங்கள் அறுபது பக்கத்தில் உயிர்போகிற விதியும் வெறும் விருப்பமான விதியும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே அழுத்தத்தோடு இருக்கும் என்று ஊகிக்கிறேன். எழுதுபவருக்கு எது எது என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. அதனால் மொத்தத்தையும் ஒதுக்கிவிடுகிறார். ஒவ்வொரு விதியையும் எடுத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது மீறப்பட்டால், பாடம் படிக்கிறவர் எதையாவது தவறாகப் புரிந்துகொள்வாரா, வேலையிடத்தில் தவறாகச் செய்வாரா? ஆம் என்றால் அந்த விதியை விடாதீர்கள். இல்லை என்றால் அதை எழுதுபவரின் தலையில் ஏற்றாதீர்கள். கடைசி மெய்ப்பில் நீங்களே திருத்திக்கொள்ளலாம்.

அப்படிப் பார்த்தால் முதலில் நிற்பது கலைச்சொல். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதக் கூடாது, மாற்றி மாற்றி எழுதினால்தான் அழகு என்று பள்ளிக் கட்டுரை எழுதிய காலத்திலிருந்தே நமக்குப் பழக்கிவிட்டார்கள். பாடம் எழுதும்போது அந்தப் பழக்கம் ஆபத்து. ஒரு பத்தியில் 'மருந்தளவு', அடுத்ததில் 'டோஸ்', மூன்றாவதில் 'கொடுக்கும் அளவு' என்று வந்தால், எழுதிய நிபுணருக்கு மூன்றும் ஒன்றுதான். புதிதாகப் படிக்கும் செவிலியருக்கு அது தெரியாது. டோஸ் என்றால் ஒரு வேளைக்கா, மருந்தளவு என்றால் ஒரு நாளைக்கா என்று அவர் நின்று யோசிப்பார். யோசிக்காமல் தானாக ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் இன்னும் மோசம். மாற்றுச் சொல் வந்தால் மாற்றுப் பொருள் இருக்கும் என்று நம்புவதுதான் கவனமாகப் படிக்கிறவரின் இயல்பு. அந்தக் கவனத்துக்கு நாம் தண்டனை கொடுக்கக் கூடாது. எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, பாடத்திலும் வீடியோவிலும் தேர்விலும் அதே சொல் வரட்டும். 'டோஸ்' தான் மருத்துவமனையில் எல்லோரும் சொல்வது என்றால் 'டோஸ்' என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பெயரும் புழக்கத்தில் இருந்தால், முதல்முறை வரும் இடத்தில் "மருந்தளவு என்றும் சொல்வார்கள்" என ஒரு வரி போதும்.

அடுத்தது எண்கள். 5.0 மி.கி. என்று எழுதினால், புள்ளி கண்ணில் படாமல் போகும்போது அது 50 ஆகிவிடும். .5 என்று எழுதினால் 5 ஆகிவிடும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று அளிக்கும் ஜாயின்ட் கமிஷன் 2004-இல் வெளியிட்ட 'பயன்படுத்தக் கூடாதவை' பட்டியலில் இந்த இரண்டும் இருக்கின்றன: முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் பூஜ்யமும் வேண்டாம், ஒன்றுக்குக் குறைவான தசம எண்ணில் புள்ளிக்கு முன்னால் பூஜ்யம் கட்டாயம். உங்கள் செவிலியர் பாடத்தில் யாராவது 'அழகுக்காக' 5.0 என்று போட்டால் அதை ருசி சார்ந்த விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தேதியும் இதே வகைதான். 03/04/2025 என்பது ஒருவருக்கு ஏப்ரல் 3, இன்னொருவருக்கு மார்ச் 4. கணக்காளர் பாடத்தில் கடைசி நாளைப் பற்றிப் பேசும்போது மாதத்தை எழுத்தால் எழுதிவிடுங்கள், குழப்பமே வராது. எண்களில் காற்புள்ளி இடும் முறையையும், கோடியா மில்லியனா என்பதையும் ஒருமுறை முடிவு செய்து, ஒரு பாடத்துக்குள் மாறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஸ்டைல் கைடுகளில் பலர் தொடாமல் விடும் ஓர் இடம் இருக்கிறது. தொழிற்கல்வியில் அதுதான் மிக முக்கியம் என்பது என் எண்ணம்: கட்டாயத்தையும் அனுமதியையும் அறிவுரையையும் எப்படிச் சொல்கிறோம் என்பது. "ஆவணத்தில் கையொப்பம் பெற வேண்டும்", "கையொப்பம் பெறலாம்", "கையொப்பம் பெறுவது நல்லது". இந்த மூன்றில் எது சட்டம், எது நிறுவனத்தின் நடைமுறை, எது ஆசிரியரின் அனுபவம் சொல்லும் யோசனை? இணையத் தொழில்நுட்பத் தரங்களை எழுதுகிறவர்கள் இந்தச் சிக்கலை ரொம்ப நாளைக்கு முன்பே உணர்ந்து, 1997-இல் ஆர்.எஃப்.சி. 2119 என்ற சிறு ஆவணத்தில் கட்டாயம், பரிந்துரை, விருப்பம் ஆகியவற்றுக்கான சொற்களை வரையறுத்துவிட்டார்கள். நீங்களும் அதையே செய்யுங்கள். சட்டமோ தொழில் விதியோ கேட்பதற்கு மட்டும் 'வேண்டும்'. பரிந்துரைக்கு 'செய்வது நல்லது'. அனுமதிக்கு 'செய்யலாம்'. கூடவே, "இனி விகிதங்களைப் பார்க்கலாம்" என்று நாம் சும்மா சொல்லும் 'லாம்' பாடத்தில் வர வேண்டாம். "இனி விகிதங்களைப் பார்ப்போம்" என்று எழுதினால் அனுமதியோடு கலக்காது. நிபுணர்கள் ஆர்வத்தில் தங்கள் வழக்கத்தையும் 'வேண்டும்' என்றே எழுதிவிடுவார்கள். அந்த ஒவ்வோர் இடத்திலும் "இது விதியா, உங்கள் பழக்கமா?" என்று கேட்டுத் தெளிவுபடுத்துவது உங்கள் வேலை. அதைக் கேட்க எடிட்டரை விட்டால் வேறு யாரும் இல்லை.

கற்றல் நோக்கங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்களுக்கே தெரிந்திருக்கும். கல்வி உளவியலாளர் ராபர்ட் மேகர் 1962-இலேயே வலியுறுத்தியது இது: நோக்கம் என்பது கண்ணால் பார்க்கக்கூடிய செயலாக இருக்க வேண்டும். "நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் திரவத்தின் வேகத்தைப் புரிந்துகொள்வீர்கள்" என்பதைச் சோதிக்க வழியில்லை. "திரவத்தின் அளவும், நேரமும், ஒரு மி.லி.க்கு எத்தனை சொட்டு என்பதும் கொடுக்கப்பட்டால், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று கணக்கிடுவீர்கள்" என்பதைச் சோதிக்கலாம். புரிதல், அறிதல், உணர்தல் என்று முடியும் நோக்கங்களைத் திருப்பி அனுப்புங்கள்.

விடைகளைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் தேர்வுக் கேள்விகளில் கொஞ்சம் கறாராகவே இருங்கள். "மேற்கண்ட அனைத்தும்" வேண்டாம்; இரண்டு விடை சரி என்று தெரிந்தாலே படிக்காதவரும் அதைத் தேர்ந்தெடுத்துவிடலாம். எதிர்மறையில் கேட்பதையும் கூடியவரை தவிருங்கள். நான்காவது தெரிவு கிடைக்காமல் எழுத்தாளர்கள் திண்டாடுவதைப் பார்த்திருப்பீர்கள். பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2005-இல் மைக்கேல் ரோட்ரிகஸ் கண்ட முடிவு, பெரும்பாலும் மூன்று தெரிவுகளே போதும் என்பது. யாரும் தேர்ந்தெடுக்காத தெரிவை வலிந்து நிரப்புவதைவிட மூன்றோடு நிறுத்துவது நல்லது. சரியான விடை மட்டும் நீளமாக, கவனமாக எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அடிக்கடி நடக்கும்.

படிப்பவரை எப்படி அழைப்பது என்பதில் தயக்கமே வேண்டாம்: 'நீங்கள்'. 'பயிலுநர் செய்திடல் வேண்டும்' என்று எழுதினால் யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிய சுற்றறிக்கை மாதிரி இருக்கிறது. நேராகப் பேசும் நடையில் சொல்லிக்கொடுத்தால் கற்றல் கூடுகிறது என்பதை கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரும் அவரோடு பணியாற்றியவர்களும் சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள். செய்க, செய்யவும், செய்யுங்கள் ஆகிய மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான் 'செய்யுங்கள்' பக்கம்.

பாடம் வெளியான பிறகும் வருடக்கணக்கில் ஓடும் என்பதை எழுதும்போது மறந்துவிடுகிறோம். 'சமீபத்தில்', 'இந்த ஆண்டு', 'புதிய விதி' எல்லாம் சீக்கிரம் பொய்யாகிவிடும். ஆண்டைக் குறிப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். 'சென்ற பாடத்தில் பார்த்தோம்' என்பதும் அப்படித்தான். அந்தப் பகுதியை வேறொரு பயிற்சியில் எடுத்துச் சேர்த்தால் சென்ற பாடம் என்று ஒன்றே இருக்காது. 'வலப்பக்கப் படம்' போன் திரையில் கீழே போய்விடும், அதனால் படத்துக்கு எண் கொடுத்து எண்ணால் சுட்டுங்கள். 'இங்கே சொடுக்கவும்' என்ற இணைப்பையும் நிறுத்துங்கள். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் பக்கத்திலுள்ள இணைப்புகளை மட்டும் பட்டியலாக வாசித்துக் காட்டவும் முடியும். அப்போது காதில் விழுவது இங்கே, இங்கே, இங்கே என்பதுதான். இணைப்பு எங்கே கொண்டுபோகும் என்பதையே இணைப்பின் சொல்லாக வையுங்கள். 'சிவப்பில் இருப்பவை தவறானவை' என்று நிறத்தை மட்டும் நம்பி எழுதவும் கூடாது. இணைப்பு, நிறம் பற்றிய இந்த இரண்டும், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, மாற்றுத்திறனாளிகளும் பக்கங்களைப் பயன்படுத்த முடியும்படி வெளியிடும் அணுகல்தன்மை வழிகாட்டி நெறிகளில் இருப்பவை; அதன் 2.2 பதிப்பு 2023-இல் வந்தது. உங்கள் கைடில் இவற்றை விளக்கி எழுதத் தேவையில்லை, அதைப் பின்பற்றுகிறோம் என்று ஒரு வரி சொல்லிவிட்டு, எழுதுபவர் கையில் இருக்கும் நாலைந்து விஷயத்தை மட்டும் போடுங்கள்.

விட்டுக்கொடுக்கக்கூடியவை என்று பார்த்தால்: வாக்கியத்தை எப்படித் தொடங்குகிறார், உதாரணம் கதையாக வருகிறதா கணக்காக வருகிறதா, பத்தி கொஞ்சம் நீளமா, இதெல்லாம் அவரவர் குரல். ஒற்றுப் பிழைகளை நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள். அதற்காக நிபுணரோடு மல்லுக்கட்ட வேண்டாம். பிறமொழிச் சொல்லின் எழுத்துக்கூட்டலை மட்டும் விடாதீர்கள். 'சாஃப்ட்வேர்' ஒரு பாடத்திலும் 'சாப்ட்வேர்' இன்னொன்றிலும் இருந்தால், தேடுகிறவருக்குப் பாதிப் பாடங்கள் கண்ணில் படாமலே போகலாம்.

இப்போது அந்த மூத்தவர். அவர் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. அவருடைய வரிகளில் நிறையச் சிவப்பு மை விழும்போது, தன் அறிவையே யாரோ சந்தேகிப்பதாகத் தோன்றும். அவருக்குக் கைடை அனுப்பாதீர்கள். தலைப்பு, நோக்கம், விளக்கம், உதாரணம், பயிற்சிக் கேள்வி என்று இடம்விட்ட ஒரு வார்ப்புருவை (டெம்ப்ளேட்) கொடுங்கள். பாதி விதிகள் அதிலேயே அடங்கிவிடும். அவர் எழுதித் தந்ததும் சின்னத் திருத்தங்களைச் சத்தமில்லாமல் செய்துவிட்டு, பொருள் மாறக்கூடிய இடங்களை மட்டும் அவரிடம் கேள்வியாகக் கொண்டுபோங்கள். "சார், இங்கே டோஸ் என்றும் அங்கே மருந்தளவு என்றும் இருக்கிறது, இரண்டும் ஒன்றுதானே?" என்று கேட்டால், திருத்த வந்தவராக இல்லாமல் முதல் வாசகராக உங்களைப் பார்ப்பார். 'என் எழுத்தைத் தொடாதீங்க' என்று சொன்னவரே இந்தக் கேள்விக்கு நின்று நிதானமாகப் பதில் சொல்வார், பாருங்கள்.

அறுபது பக்கத்தைத் தூக்கிப்போட வேண்டாம், உங்களுக்கு அது ஆதாரமாக இருக்கட்டும். எழுதுபவர்களுக்கு இரண்டு பக்கம் மட்டும் கொடுங்கள். கூடவே அகர வரிசையில் ஒரு சொற்பட்டியல். அந்தப் பட்டியலைப் பகிர்ந்த ஒரே கோப்பாக வைத்து, எல்லோரும் சொல்லைப் பரிந்துரைக்கலாம், முடிவு செய்வது நீங்கள் ஒருவர் என்று மேலாளரிடம் பேசி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் தேதியும் காரணமும் ஒரு வரி எழுதுங்கள். செவிலியர் பாடத்துக்கும் கணக்காளர் பாடத்துக்கும் பட்டியல் தனித்தனியாக இருக்கட்டும், இரண்டு துறையிலும் ஒரே சொல் வெவ்வேறு பொருளில் வரலாம்.