வாசகர் கேள்வி பதில்: பழைய மெட்ராஸ் கடற்கரை போட்டோல ஜனங்க எங்க போனாங்க?

போன இதழ்ல பழைய மெட்ராஸ் துறைமுகப் பக்கம் எடுத்த போட்டோ சிலது போட்டிருந்தோம், அதுக்கு வந்த கடிதம் ஒரு கட்டு என் மேஜை மேல இருக்கு, எல்லாத்துக்கும் பதில் எழுத இடம் பத்தாது, நிறைய பேர் கேட்டதை மட்டும் எடுத்துக்கறேன்.

கேள்வி: அண்ணா, அவ்ளோ பெரிய பீச் ரோடு, அவ்ளோ பெரிய கட்டடம், ஆனா போட்டோல ஒரு ஈ காக்கா இல்லையே. அப்போ மெட்ராஸ்ல ஜனமே கம்மியா, இல்ல ஆளுங்கள விரட்டிட்டு எடுத்தாங்களா? (தாம்பரத்திலிருந்து ஒரு வாசகி)

ஜனம் இருந்தாங்கம்மா, கேமராவுக்குத்தான் அவங்கள பிடிக்கத் தெரியல. 1850கள்ல மெட்ராஸ் அரசாங்கத்துக்காக போட்டோ எடுத்த லின்னேயஸ் டிரைப் மாதிரி ஆளுங்க மெழுகு ஏத்தின பேப்பரை நெகட்டிவா வெச்சாங்க, ஒரு படம் விழ நிமிஷக்கணக்குல லென்ஸை திறந்து வெக்கணும். அப்புறம் கண்ணாடித் தகடு வந்தது, அதுல மருந்தைப் பூசி அந்த ஈரம் காயறதுக்குள்ள படம் எடுத்து அங்கேயே கழுவியும் ஆகணும், நம்ம ஊர் வெயில்ல ஈரம் எவ்ளோ நேரம் நிக்கும்னு யோசிச்சுப் பாருங்க, அதனால ஒரு இருட்டுக் கூடாரத்தையே வண்டில தூக்கிட்டுத்தான் ஊர் ஊரா போனாங்க. அதுலயும் சில செகண்ட் ஆகும். அந்த நேரத்துல நடந்து போறவன் படத்துல விழவே மாட்டான், இல்லன்னா ரோட்டு மேல ஒரு புகை மாதிரி நிப்பான்.

என்கிட்ட ஒரு படம் இருக்கு, கடற்கரைச் சாலைல ஒரு மாட்டு வண்டி. பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்தா மாட்டோட உடம்பு, திமில், முதுகுத் தழும்பு வரைக்கும் அவ்ளோ தெளிவு, ஆனா தலை மட்டும் ரெண்டு மூணா கலங்கி இருக்கு, ஈ ஓட்ட தலையை ஆட்டியிருக்கு. வண்டிக்குக் கீழ நிழல்ல ஒருத்தர் முண்டாசை தலைக்கு வெச்சு படுத்திருக்கார், அவர் விரல் நகம் கூட தெரியுது. வேலை செஞ்சவங்க எல்லாம் மறைஞ்சு போய் தூங்கினவர் மட்டும் நூத்தம்பது வருஷம் நின்னுட்டார்! அதனாலதான் சொல்றேன், பழைய படம்னா முதல்ல நடுவுல இருக்கற கட்டடத்தை விட்டுட்டு ஓரத்தையும் நிழலையும் பாருங்க, ஜனங்க அங்கதான் இருப்பாங்க.

இன்னொண்ணு, வானம் எல்லா படத்துலயும் வெள்ளையா மேகமே இல்லாம இருக்கறதுக்கும் மருந்துதான் காரணம், நீலத்தை அது வெளுப்பாத்தான் பிடிக்கும், சிவப்பு கறுத்துப் போகும். ஒரு அம்மா கறுப்புப் புடவை கட்டியிருக்காங்கன்னு நினைப்போம், அது நல்ல அரக்குச் சிவப்பாவே இருந்திருக்கலாம்.

கேள்வி: சார், அந்த மசூலா படகு படத்துல பலகைக்கு நடுவுல தையல் போட்ட மாதிரி தெரியுதே, நிஜமாவே தைச்சாங்களா? எங்க தாத்தா காசிமேட்டுல படகுக்காரர், அவங்க தாத்தா காலத்துல ஆணியே அடிக்க மாட்டாங்கன்னு சொல்வார். (ராயபுரத்திலிருந்து ஒரு வாசகர்)

உங்க தாத்தா சொன்னது நூத்துக்கு நூறு சரி தம்பி. ஆணி கிடையாது, பலகையில ஓட்டை போட்டு தென்னை நார்க் கயித்தால தைக்கறது, இடுக்குல நார் திணிச்சு அடைக்கறது, உள்ள விலாக்கட்டையும் கிடையாது, அடி தட்டையா இருக்கும். ஏன் இப்படின்னா மெட்ராஸ்ல அப்போ துறைமுகமே இல்ல. 1639ல இங்க்லீஷ்காரன் இடம் வாங்கி கோட்டை கட்ட ஆரம்பிச்சான், ஆனா கப்பல் நிக்க ஒரு வளைகுடாவோ கழிமுகமோ இல்லாத நேர் கடற்கரை இது, கப்பல் தூரத்துலயே நங்கூரம் போட்டு நிக்கும், அங்கிருந்து கரைக்கு வரணும்னா வரிசையா உடையற அலையைத் தாண்டணும். ஆணி அடிச்ச விறைப்பான படகு அந்த அடியில பிளந்துடும், தைச்ச படகு மட்டும் அலை அடிக்கறப்ப கூடை மாதிரி நெளிஞ்சு கொடுக்கும், தரை தட்டினாலும் தாங்கும். புதுச்சேரிப் பக்கம் இதையே சலங்குன்னு சொல்வாங்க.

துடுப்பைப் பாருங்க, நீளக் கழி, அதோட நுனியில ஒரு சின்னப் பலகையைக் கயித்தால கட்டியிருப்பாங்க, அவ்ளோதான். எட்டு பத்து பேர் ஒண்ணா பாட்டுப் பாடி வலிப்பாங்க, பாட்டோட வேகம்தான் கைவேகம். கரைக்குக் கிட்ட வந்ததும் வலிக்கறதை நிறுத்திட்டு பின்னால வர்ற அலையைப் பார்த்து காத்திருப்பாங்க, சரியான அலை வந்ததும் கத்திக்கிட்டு மொத்தப் பேரும் ஒரே மூச்சா வலிச்சு அது முதுகுல ஏறி கரைக்கு வந்துடுவாங்க. தப்புன அலையில ஏறினா படகு குறுக்க திரும்பி கவிழ்ந்துடும், அப்படி விழுந்தவங்களைத் தூக்கறதுக்கு பக்கத்துலயே கட்டுமரம் வரும். அந்தக் கட்டுமரக்காரங்கதான் கப்பலுக்கும் கரைக்கும் கடுதாசி கொண்டு போனாங்க, ஓலையில முடைஞ்ச கூம்புத் தொப்பிக்குள்ள கடுதாசியை சொருகி தலையில வெச்சுக்கிட்டா ஆளே முழுகி எழுந்தாலும் காகிதம் நனையாது. கட்டுமரம்ங்கற நம்ம வார்த்தையைத்தான் இன்னைக்கு உலகம் முழுக்க கேட்டமரான்னு சொல்றாங்க, இது எல்லாருக்கும் தெரியும், ஆனா அந்தத் தொப்பியைப் பத்தி யாரும் பேசறதில்லைன்னு எனக்கு ஒரு வருத்தம் உண்டு.

கவர்னர்லேர்ந்து கல்யாணமாகி வந்த வெள்ளைக்காரப் பொண்ணு வரைக்கும் மெட்ராஸ் மண்ணை மிதிக்கணும்னா இவங்க கையை நம்பித்தான் வந்தாகணும். 1861ல 1,100 அடி நீளத்துக்கு இரும்புப் பாலம் ஒண்ணு கடலுக்குள்ள நீட்டினாங்க, அதுக்கு அப்புறமும் படகு வேலை நிக்கல. 1875ல வேல்ஸ் இளவரசர் வந்து அடிக்கல் நாட்டி துறைமுகச் சுவர் கட்ட ஆரம்பிச்சாங்க, முடியற நேரத்துல 1881 நவம்பர் புயல் வந்து உடைச்சுப் போட்டுது, திரும்பக் கட்டி முடிக்க இன்னும் பல வருஷம் ஆச்சு. அந்தப் படத்துல நிக்கற படகுக்காரங்க பேர் எந்த அட்டையிலயும் இல்ல, "மசூலா படகு, மெட்ராஸ்"னு மட்டும் அச்சடிச்சிருக்கு. உங்க தாத்தாவுக்கு யார் பேராவது ஞாபகம் இருந்தா எழுதி அனுப்புங்க தம்பி, கண்டிப்பா போடறேன்.

கேள்வி: கடற்கரை மணல்ல மூட்டை மூட்டையா மலை மாதிரி அடுக்கின ஒரு படம் பார்த்தேன். வியாபாரம் அவ்ளோ செழிப்பா இருந்ததா ஐயா? (வேலூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)

அந்தப் படத்தோட தேதியைப் பாருங்க, 1877 பிப்ரவரி. நம்ம பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம்னு சொல்வாங்களே, 1876லேர்ந்து 78 வரைக்கும், அதோட நட்ட நடு. அந்த மூட்டையெல்லாம் தானியம். உள்ளூர்ல ஜனங்க புல்லையும் கிழங்கையும் தேடி அலைஞ்சப்ப கடற்கரையில தானியம் குவிஞ்சு கிடந்தது. தானியம் இருந்தும் அதோட விலை கூலிக்காரன் கைக்கு எட்டாத உசரத்துல இருந்தது, செத்தவங்க கணக்கு பல லட்சம். அதே சமயத்துல ஹூப்பர்னு ஒரு ராணுவ அதிகாரி எலும்பும் தோலுமா இருந்த குடும்பங்களை உக்கார வெச்சு எடுத்த படங்களும் இருக்கு, அதை நான் இந்தப் பத்திரிகையில போட மாட்டேன், அவங்களுக்கு வேண்டாம்னு சொல்ற நிலைமையே இல்லாதப்ப எடுத்தது அது.

சென்னையில அடையாறையும் கூவத்தையும் இணைக்கற பக்கிங்ஹாம் கால்வாய்த் துண்டு அந்தப் பஞ்சத்துல நிவாரண வேலையா வெட்டினது, 1877-78ல. இன்னைக்கு பறக்கும் ரயில்ல போறப்ப கீழ தெரியற அந்தக் கால்வாயை பசியோட வந்தவங்க மண்வெட்டி பிடிச்சு வெட்டினாங்க. மூட்டைப் படத்தைப் பார்க்கறப்ப எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

கேள்வி: ஐஸ் ஹவுஸ் பழைய போட்டோல கடல் ரொம்ப கிட்ட இருக்கே, இப்போ அவ்ளோ தூரம் நடக்க வேண்டியிருக்கே? (திருவல்லிக்கேணி வாசகி)

கடலைத் துறைமுகச் சுவர்தான் தள்ளிவிட்டது. நம்ம கரையோரம் கடல் நீரோட்டம் வருஷத்துல பெரும்பாலும் மணலை தெற்கேர்ந்து வடக்கே அள்ளிட்டுப் போகும், சுவர் குறுக்க வந்ததும் மணல் அதுக்குத் தெற்கே தங்கிப் போச்சு, அப்படி சேர்ந்ததுதான் இன்னைக்கு நாம சுண்டல் சாப்பிடற அகலமான மெரினா. கவர்னர் கிராண்ட் டஃப் 1880கள்ல அங்க நடைபாதை போட்டு மெரினான்னு பேர் வெச்சார். ஆனா வடக்கே போக வேண்டிய மணல் போகலையே, அதனால ராயபுரம் பக்கம் கடல் உள்ள வந்து வந்து வீடுகளைத் தின்னுது, இன்னைக்கும் கல்லைக் கொட்டித்தான் நிறுத்தி வெச்சிருக்காங்க. தெற்கே இருக்கற நமக்குக் காத்து வாங்க இடம் கிடைச்சது, வடக்கே இருக்கற மீனவங்க இடத்தை இழந்தாங்க, இதைச் சேர்த்தேதான் சொல்லணும்.

ஐஸ் ஹவுஸ் 1842ல அமெரிக்காவுலேர்ந்து கப்பல்ல வந்த ஐஸ் கட்டியை வெக்கறதுக்குக் கட்டினது, அங்க குளிர்காலத்துல உறைஞ்ச ஏரியை அறுத்து மரத்தூள்ல பொதிஞ்சு அனுப்புவாங்க, அதுவும் மசூலா படகுலதான் கரைக்கு வரணும். 1897ல விவேகானந்தர் தங்கினது அதே கட்டடம்தான்.

கேள்வி: கலர் போஸ்ட் கார்டுல புடவை எல்லாம் பச்சை, மஞ்சள்னு இருக்கே, அது நிஜக் கலரா? (கோவை வாசகர்)

நம்பாதீங்க ஐயா. கறுப்பு வெள்ளை படத்தை ஜெர்மனி மாதிரி தேசத்துக்கு அனுப்பி, மெட்ராஸையே பார்க்காத யாரோ அங்க கலர் சேர்த்து அச்சடிச்சு அனுப்புவாங்க. ஒரே படம் ரெண்டு அச்சுல ரெண்டு கலர் புடவையோட என்கிட்டயே இருக்கு.

கேள்வி: கணித மேதை ராமானுஜன் மெட்ராஸ் துறைமுகத்துல வேலை பார்த்தாராமே? (கும்பகோணத்திலிருந்து ஒரு மாணவி)

ஆமாம்மா, 1912 மார்ச் 1ஆம் தேதி துறைமுக அலுவலகத்துல கணக்குப் பிரிவு குமாஸ்தாவா சேர்ந்தார், மாசம் 30 ரூபாய் சம்பளம். தலைவரா இருந்த சர் பிரான்சிஸ் ஸ்ப்ரிங், கணக்கு அதிகாரி நாராயண ஐயர் ரெண்டு பேரும் அவருக்குத் துணையா நின்னாங்க. இங்கிலாந்துல இருந்த கணிதப் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதின கடிதத்துல கூட நான் மெட்ராஸ் துறைமுகத்துல ஒரு குமாஸ்தான்னுதான் ஆரம்பிப்பார். 1914 மார்ச் 17 அன்னைக்கு இதே துறைமுகத்துலேர்ந்து நெவாசான்னு ஒரு கப்பல்ல லண்டன் கிளம்பினார். அதே வருஷம் செப்டம்பர் 22 ராத்திரி எம்டன்ங்கற ஜெர்மன் போர்க்கப்பல் வந்து எண்ணெய் டாங்கிகளைக் குண்டு போட்டு எரிச்சுது, ஊரே பயந்து கிளம்பிடுச்சு, கெட்டிக்கார ஆளைப் பார்த்து "அவன் பெரிய எம்டன்"னு நாம சொல்றது அன்னைக்கு வந்ததுதான். அந்தக் காலத் துறைமுகப் படத்துல முண்டாசும் கோட்டுமா ஃபைல் கட்டோட நடக்கற குமாஸ்தாக்களைப் பார்க்கறப்பல்லாம் நான் ஒரு நிமிஷம் நின்னு பார்ப்பேன்.

கேள்வி: எங்க கொள்ளுப் பாட்டி பினாங்குல இருந்தவங்க. நாகப்பட்டினத்துல கப்பல் ஏறறதுக்கு முன்னாடி எடுத்த குடும்ப போட்டோ ஒண்ணு ஃப்ரேமுக்குள்ள கண்ணாடியோட ஒட்டிக்கிட்டு இருக்கு, தேதி இல்ல. எப்படிக் கண்டுபிடிக்கறது, எப்படிக் காப்பாத்தறது? (நாகூரிலிருந்து ஒரு வாசகி)

முதல்ல கையை எடுங்கம்மா, பிரிக்கவே பிரிக்காதீங்க. கண்ணாடியில ஒட்டின படத்தை இழுத்தா முகம் கண்ணாடியோட போயிடும், எங்க வீட்டுலயே ஒரு கல்யாண போட்டோ அப்படித்தான் போச்சு, என் அத்தை அதுக்கு அழுத அழுகை இன்னும் காதுல இருக்கு. ஃப்ரேமோடவே நிழல்ல, பக்கவாட்டு வெளிச்சத்துல நல்ல கேமராவால எடுத்து வெச்சுக்கோங்க. லேமினேஷன் பண்ணவே கூடாது, செலோடேப் ஒட்டக்கூடாது. தனியா இருக்கற படங்களா இருந்தா பின்பக்கம் ஓரமா மெல்லிசா பென்சில்ல எழுதுங்க, பேனா மை முன்பக்கம் ஊறிடும்.

தேதிக்கு, அட்டையோட கீழ ஸ்டுடியோ பேர் புடைப்பா இருக்கான்னு பாருங்க. எந்தக் கப்பல்னு வீட்டுல யாராவது சொல்லியிருக்காங்களா? ரஜூலான்னா 1926க்கு அப்புறம், ஏன்னா அது கட்டினதே அப்பதான், 1973 வரைக்கும் மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்னு ஓடிச்சு. ஆரம்பத்துல ஒரே நடைக்கு 5,000 பேருக்கு மேல டெக்ல ஏத்த அனுமதி இருந்த கப்பல் அது, பாயை விரிச்ச இடம்தான் வீடு. நாகப்பட்டினத்துல அது கரைக்கு வராது, தூரத்துல நிக்கும், மூட்டை முடிச்சு குழந்தைகுட்டியோட படகுல போய்த்தான் ஏறணும். மெட்ராஸ் பின்னணில எடுத்த படம்னா இன்னும் சுலபம், ஹைகோர்ட் கோபுரம் தெரிஞ்சா 1892க்கு அப்புறம், டிராம் ஓடினா 1895லேர்ந்து 1953க்குள்ள.

நீங்க எழுதியிருக்கீங்க, படத்துல ஓரமா ஒரு சின்னப் பையன் தகர டிரங்குப் பெட்டி மேல கை வெச்சு நிக்கறான், அவன் யாருன்னு யாருக்கும் தெரியலன்னு. வீட்டுல வயசான ஒருத்தர், நாகூர்லயோ பினாங்குலயோ, இன்னும் இருப்பாங்க. படத்தைப் பெருசா பிரிண்ட் போட்டு அவங்க கையில குடுங்க, கேள்வி எதுவும் கேக்காம அரை மணி நேரம் பக்கத்துல உக்காருங்க. அந்தப் பெட்டியைப் பத்தி முதல்ல பேசுவாங்க, அப்புறம் பையன் பேர் வரும். வந்ததும் எனக்கு எழுதுங்க.