சாவிக்கொத்து வேண்டாம், சட்டைப்பை போதும்

குன்னூர்த் தோட்டத்தில் இலை எடை குறிக்கச் சாவிக்கொத்துப் பேனா கேட்டிருந்தீர்கள். தூறலில் ஜெல் மை ஊறுகிறது என்றீர்கள். அது நீர் கலந்த மை, ஈரத்தாளில் பரவத்தான் செய்யும்.

ஃபிஷர் புல்லட் என்ற சட்டைப்பைப் பேனாவைப் பாருங்கள். மூடினால் ஏறக்குறைய 9.5 செ.மீ.தான். மூடியைப் பின்னால் செருகினால் 13 செ.மீ.க்கு மேல் நீளும், குளிரில் விறைத்த விரலுக்கும் பிடி கிடைக்கும். ரீஃபிலுக்குள் அடைத்த நைட்ரஜன் மையைத் தள்ளுவதால், நனைந்த தாளிலும் எழுதும், அட்டையை நிமிர்த்திப் பிடித்தாலும் எழுதும். விலை கூடுதல்தான்.

சாவிக்கொத்து மட்டும் வேண்டாம். என் பழைய பேனாவின் திருகுமூடி நடக்க நடக்கக் கழன்று, வளையத்தில் மூடி மட்டும் மிஞ்சியது. பேனா கோத்தகிரிச் சரிவில் போயிற்று. கிளிப் உள்ளதாக வாங்குங்கள், குனிந்தாலும் விழாது. அதுவரை பாதி பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். கிராஃபைட் ஈரத்தில் கரையாது.