மழையில் பைக் பயணம்: கவரை நம்பாதீர்கள், தையலைப் பாருங்கள்

கேள்வி: ஜூலையில் கோவையிலிருந்து மைசூரு, சிக்மகளூர், ஆகும்பே வழியாக உடுப்பி, கோகர்ணம் வரை கிளாசிக் 350-இல் தனியாகப் போகிறேன். ஐந்து நாள். லேப்டாப்பும் எடுத்துப்போக வேண்டும். ரெயின் கவரோடு வந்த, சீட்டின் இருபுறமும் தொங்கும் சாடில் பேக் ஏற்கெனவே இருக்கிறது. அதுவே போதுமா, வாட்டர்ப்ரூஃப் பை தனியாக வாங்க வேண்டுமா? அலுமினியப் பெட்டி மாட்டிவிடலாமா?

பதில்: லேப்டாப் இருக்கிறது என்றால் ரெயின் கவர் போதாது. ஆகும்பேயில் ஆண்டுக்கு 7,000 மி.மீ.க்கு மேல் மழை. அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. காலையில் நனையத் தொடங்கிய பை, மாலை லாட்ஜ் போய்ச் சேரும்வரை நனைந்துகொண்டேதான் இருக்கும்.

கவர் மேலிருந்து விழும் மழையைத்தான் தடுக்கும். பைக்கில் தண்ணீர் கீழிருந்தும் வருகிறது. பின்சக்கரம் சாலைத் தண்ணீரை மணலோடு வாரி அடிக்கும். சீட்டை ஒட்டியிருக்கும் சாடில் பேக்கின் முதுகுப் பக்கத்தைக் கவர் மூடுவதே இல்லை. 80 கி.மீ. வேகத்தில் காற்று உள்ளே புகுந்து கவரை உப்பவைக்கும், எலாஸ்டிக் மெல்ல மேலேறும். கழன்றால் பின்சக்கரத்திலோ செயினிலோ போய்ச் சுற்றிக்கொள்ளும். துணிமணி நனைவதைவிட அது பெரிய ஆபத்து. கழலாமல் நின்றாலும், முதுகுப் பக்கமாக இறங்கிய தண்ணீர் கவருக்குள்ளேயே தேங்கி, பை அதில் ஊறிக் கிடக்கும்.

எனவே ரோல் டாப் டிரை பேக் (வாயைச் சுருட்டி மூடும் வாட்டர்ப்ரூஃப் பை) ஒன்று வாங்குங்கள். கடையில் ‘1000 டெனியர்’ என்று துணியைத்தான் காட்டுவார்கள். அது நூலின் தடிமனைச் சொல்வது. கிழிசலைத் தாங்க உதவும், தண்ணீரைத் தடுப்பது துணிமேல் உள்ள பூச்சுதான். அந்தப் பூச்சு நன்றாக இருந்தாலும் பை ஒழுகுவது தையலில்தான். ஊசி இறங்கிய ஒவ்வொரு துளையும் தண்ணீருக்கு வழி. உள்ளே தையலை மூடும் சீம் டேப் ஒட்டியிருந்தால் சில காலம் தாங்கும். பை மடங்கி மடங்கி, வெயிலில் காய்ந்து, டேப் ஓரத்திலிருந்து உரிய ஆரம்பிக்கும்.

பையை உள்புறம் வெளியே வரும்படி புரட்டிப் பாருங்கள். மூட்டுகளில் நூலே தெரியக் கூடாது. இரண்டு விளிம்புகளும் ஒன்றன்மேல் ஒன்றாக உருகி ஒட்டி, பட்டையான தடம் மட்டும் ஓட வேண்டும். அதுதான் வெல்டிங் செய்த பை. பிறகு ஸ்ட்ராப் வளையங்களைப் பாருங்கள். உடம்பை ஒழுங்காக வெல்டிங் செய்துவிட்டு வளையத்தை மட்டும் பையைத் துளைத்துத் தைத்துவிடுவது உண்டு. பாரம் இழுக்கும் இடமே ஒழுகும் இடமாகிவிடும். வளையம் தனித் துண்டில் தைக்கப்பட்டு, அந்தத் துண்டு பைமேல் வெல்டிங் செய்யப்பட்டிருக்க வேண்டும். பிவிசி பூசிய தார்ப்பாய்த் துணி கனமானது, விலை குறைவு, உங்கள் பயணத்துக்குப் போதும். டிபியு என்ற ரப்பர் போல வளையும் பிளாஸ்டிக் பூச்சு இலகுவானது, மடிப்பில் வெடிப்பதும் குறைவு, விலை அதிகம்.

பையில் ஐபிஎக்ஸ்7 என்ற நீர்த்தடுப்புத் தரக்குறியீடு போட்டிருந்தால் உடனே மயங்க வேண்டாம். அது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் கிடப்பதற்கான சோதனை. ஐபிஎக்ஸ்6 என்பது 12.5 மி.மீ. முனையிலிருந்து நிமிடத்துக்கு 100 லிட்டர் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பது. ஓடும் பைக்குக்கு இதுவே நெருக்கமானது. ஒன்றில் தேறியது மற்றதிலும் தேறும் என்று அர்த்தமில்லை.

வாங்கிய பையைச் சரியாக மூடாமல் கெடுப்பவர்கள்தான் அதிகம். வாயில் உள்ள இரண்டு பட்டிகளையும் சுருக்கமின்றி ஒட்டிப் பிடித்து, முழங்காலால் பையை அழுத்திக் காற்றை வெளியேற்றி, குறைந்தது மூன்று சுற்று இறுக்கமாகச் சுருட்டிய பிறகே பக்கிள் போட வேண்டும். வாயில் ஒரு சட்டை நுனி சிக்கினாலும் அது திரிபோல் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். சுருட்டுவதற்கு மேலே ஒரு சாண் இடம் வேண்டும் என்பதால், 40 லிட்டர் என்று போட்ட பை முழு 40 லிட்டர் கொள்ளாது. உங்கள் ஐந்து நாளுக்கு 50 லிட்டர் பை எடுங்கள்.

தனியாகப் போவதால் பின்னால் உட்காருபவருக்கான பில்லியன் சீட் காலி. பையை அங்கேயே குறுக்காகக் கிடத்துங்கள். பின்னால் நீட்டிய கேரியரில் பாரம் ஏற்றினால் முன்சக்கரம் லேசாகி, வேகத்தில் ஹேண்டில் ஆடும். கட்டுவதற்குக் கொக்கி வைத்த ரப்பர் கயிறு வேண்டாம். குழியில் பை எகிறும்போது அதுவும் நீண்டு கொடுக்கும், கொக்கி கழன்றுவிடும். கேம் பக்கிள் (இழுத்து இறுக்கினால் பட்டையைக் கவ்விப் பிடிக்கும் கொளுவி) வைத்த பாலியஸ்டர் ஸ்ட்ராப் இரண்டு போதும். நைலான் ஸ்ட்ராப் நனைந்தால் நீளும், பாலியஸ்டர் அவ்வளவு நீளாது. முதல் 20 கி.மீ.யில் நிறுத்தி ஒருமுறை இறுக்குங்கள். மிச்ச நுனியைச் சுருட்டிச் செருகிவிடுங்கள், தொங்கவே கூடாது.

பழைய சாடில் பேக்கைத் தூக்கிப் போட வேண்டாம். டூல்ஸ், செயினுக்குப் போடும் லூப்ரிகன்ட், செருப்பு போல நனைந்தாலும் பரவாயில்லாத சாமான்களுக்கு அது போதும். கவரைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வலதுபுறம் சைலன்சர் இருக்கிறது. சாடில் ஸ்டே (பையைத் தாங்கித் தள்ளி நிறுத்தும் கம்பிச் சட்டம்) இல்லாவிட்டால் குழியில் பை ஆடிச் சைலன்சரில் ஒட்டி உருகும். ஸ்டே மாட்டி, சாடில் பேக்குக்கும் சைலன்சருக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளியாவது விடுங்கள்.

அலுமினியப் பெட்டி பூட்டலாம், வசதிதான். ஆனால் பெட்டியும் அதன் ஃபிரேமும் காலியாகவே கனம். ஒருமுறை பைக் சாய்ந்து விளிம்பு நசுங்கினால் மூடியின் ரப்பர் பொருந்தாது, அதன்பின் பெட்டியும் ஒழுகும். ஐந்து நாளுக்காக அந்தச் செலவு தேவையில்லை.

லேப்டாப்பை ஷட் டவுன் செய்து, ஸ்லீவில் போட்டு, அதைத் தனிச் சிறிய டிரை பேக்கில் சுருட்டி, பெரிய பைக்குள் துணிகளுக்கு நடுவே வையுங்கள். அடியில் வேண்டாம். ஈர ரெயின்கோட்டை இந்தப் பைக்குள் திணிக்கவே திணிக்காதீர்கள். காற்றுப் புகாத பை, உள்ளே போன ஈரத்தையும் வெளியே விடாது. லேப்டாப் பையில் ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள். கொட்டும் மழையில் பையைத் திறக்காமல் இருக்க, போன், ஆர்சி, பணம் எல்லாம் இடுப்பில் கட்டும் சிறிய வாட்டர்ப்ரூஃப் பையில் இருக்கட்டும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே சோதித்துவிடுங்கள். காற்றோடு பையைச் சுருட்டி மூடி, மேலே ஏறி அழுத்தி, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். பிறகு உள்ளே பழைய நாளிதழைப் பரப்பி மூடி, ஹோஸ் பைப்பால் பத்து நிமிடம் எல்லாப் பக்கமும், முக்கியமாகக் கீழிருந்து, அடித்துப் பாருங்கள். தாளில் ஈரம் தெரிந்தால் பையை மாற்றிக்கொள்ள அவகாசம் இருக்கும்.

வழியில் கிழிந்தால் ஒட்டுப்போட, அதே துணித்துண்டும் அதற்குரிய பசையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிவிசிக்கான பசை டிபியுவில் சரியாகப் பிடிக்காது. கிழிந்த இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து நன்றாகக் காயவைத்தபின் ஒட்டுங்கள்.