பேர் விழாத வேலை

அன்புள்ள ஐயா,

நம் ஊவா மாகாணத்தில் எல்ல, வெல்லவாயப் பக்கத்து மலைகள் கோடை வந்தால் எரிகின்றன. அமெரிக்காவில் காட்டுத்தீக்கென்றே விமானங்களும் தனிப்படையும் இருக்கின்றன, பணமும் கொட்டுகிறார்கள். நம் அரசும் அப்படி ஒரு படை அமைக்க வேண்டாமா? தீ வைப்பவர்களுக்குக் கடும் தண்டனை வேண்டாமா? நம் தோட்டத்து ஆட்களுக்கும் விழிப்புணர்வு போதாது. இதைப் பற்றி எழுதுவீர்களா?

ஓர் ஆசிரியர், அப்புத்தளை

அன்புள்ள தம்பி,

கொஞ்ச நாளாக நானும் இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதம் வந்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தண்டனையைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ஒதுக்குக் காட்டில் தீ வைப்பது குற்றம் என்று சட்டம் எப்போதோ சொல்லிவிட்டது. வேட்டைக்காரனும், மாட்டுக்கு இளம்புல் வேண்டும் என்று கொளுத்துகிறவனும் இருட்டில் வைத்துவிட்டுப் போகிறார்கள். சாட்சிக்கு யார் வருவார்?

அமெரிக்காவைச் சொன்னீர்கள். சரி, முழுக் கதையையும் கேளுங்கள். அங்கே வனச் சேவை 1995இல் தன் வரவு செலவில் 16 சதவீதத்தைத் தீக்குச் செலவழித்தது. 2015இல் அது பாதியைத் தாண்டிவிட்டது. அணைக்கிற பணம் தீர்ந்துபோனால், காய்ந்த புதரை வெட்டி அப்புறப்படுத்த வைத்திருந்த பணத்தை எடுத்தார்கள். புதர் அப்படியே கிடந்தது, அடுத்த தீ இன்னும் பெரிதாக வந்தது. 2018இல் சட்டம் போட்டு, 2020 நிதியாண்டிலிருந்து அணைக்கும் செலவுக்குத் தனி நிதி ஒதுக்கிய பிறகுதான் அந்தப் பிடி கொஞ்சம் தளர்ந்தது. அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்தப் பாடத்தைத்தான். விமானத்தை விட்டுவிடுங்கள்.

நம்மிடமும் விமானப்படையின் பெல் 212 ஹெலிகொப்டர் வாளியில் தண்ணீர் அள்ளிவந்து ஊற்றுகிறது. ஊற்றட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மலை பற்றிய பிறகுதான் அது வரும். மாநகர சபையின் தீயணைப்பு வண்டி தார் ரோடு முடிகிற இடத்தோடு நின்றுவிடும். அதற்கு மேலே என்ன இருக்கிறது? மானாப்புல். எரிந்த அடியிலிருந்தே மறுபடி துளிர்க்கிற புல் அது. ஒவ்வொரு தீக்கும் பிறகு மரக்கன்று சாகும், மானா பரவும். அதை ஒட்டி 1970களிலும் 80களிலும் நட்ட பைனஸ் மரங்கள். அவற்றின் ஊசியிலை சீக்கிரம் மக்காது. பிசினோடு மெத்தை மெத்தையாகக் கிடக்கும், ஒரு பீடித் துண்டு போதும். அதற்குக் கீழே தேயிலை, அதற்கும் கீழே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம்.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். "விழிப்புணர்வு போதாது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை வாசித்ததும் எனக்குக் கோபம் வந்தது. நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை தம்பி? தீ வந்தால் முதலில் ஓடுகிறவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியாதா?

என் அப்பா ஓடினார். புல்மலையில் புகை தெரிந்ததுமே தப்புப் பறை அடித்து ஆட்களைக் கூப்பிடுவார்கள். சவுக்குக் கிளைகளை வெட்டிக்கொண்டு, சாக்குகளைப் பீலித் தண்ணீரில் நனைத்துக்கொண்டு ஏறுவார்கள். கிளையை ஓங்கி அடிக்கக் கூடாது, பொறி பறந்து பின்னால் பற்றிக்கொள்ளும். தாழ்த்தி அடித்து, எரிந்த பக்கமாக இழுத்துவிட வேண்டும். இன்னொரு வரிசை தேயிலைக்கு மேலே மண்வெட்டியால் புல்லைச் செதுக்கி வெறும் மண்ணாக்கிக்கொண்டே போகும். பெண்கள் தகரத்தில் தண்ணீர் சுமப்பார்கள். ஒருமுறை விடிய விடிய அணைத்துவிட்டு, கையில் கொப்புளத்தோடு அப்பா காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற பெரட்டுக்குத் தாமதமாகப் போனார். செக்ரோல் என்கிற சம்பளப் பதிவேட்டில் அரைப்பேர்தான் விழுந்தது, அதாவது அரைநாள் கூலி. இரவு செய்த வேலைக்குப் பேரே இல்லை. அவர் காப்பாற்றியது அந்தத் தோட்டத்துத் தேயிலையைத்தான். அம்மா தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே திட்டினார், அப்பா வாயே திறக்கவில்லை.

இந்த மக்களுக்கா விழிப்புணர்வு வகுப்பு? பதாகை கட்டி, தேநீரும் பனிஸும் கொடுத்து, தீ ஆபத்தானது என்று அவர்களிடமே சொல்லப்போகிறார்களா? காற்று எந்தப் பள்ளத்தால் ஏறும், எங்கே செதுக்கினால் தீ தாண்டாது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். போதாமல் இருப்பது அவர்களுக்குக் கொடுக்கிற கூலி. ஊவாவில் ஜூலை, ஆகஸ்டில் தீ என்றால், மே மாதமே பைனஸுக்கும் தேயிலைக்கும் நடுவில் தீத்தடுப்புக் கோடு செதுக்கியாக வேண்டும். அதை நாட்சம்பள வேலையாக்கி, பேர் போட்டு, வனத் திணைக்களமோ பிரதேச சபையோ காசு கொடுக்கட்டும். 2021இல் ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கே எத்தனை போராட்டம் நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். அன்றைய அந்தக் கணக்கில் ஒரு மலைக்கு ஐம்பது பேரை நான்கு நாள் நிறுத்தினாலும் இரண்டு லட்சம்தான்.

தோட்டத்துக்குள் பிரதேச சபை செலவழிக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு அப்படித்தான் கையைக் கட்டிவைத்திருந்தது. 2018இல் அதைத் திருத்திவிட்டார்கள். இனிமேல் கேட்கிற உரிமை நமக்கு இருக்கிறது, கேட்காமல் இருப்பதுதான் குறை.

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். நாட்டின் வரவு செலவுத் திட்டம் வாசிக்கிற நவம்பரில் இங்கே மழை. மலையெல்லாம் பச்சையாக இருக்கும், தீ யாருக்கும் நினைவில் இருக்காது. 2014 அக்டோபரில் மீரியபெத்தையில் மண் சரிந்த பிறகு மழையென்றாலே நமக்குச் சரிவுதான் பயம். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் புல்லும் வேரும் கருகிய சரிவில் மண் இன்னும் சுலபமாகக் கரைந்து ஓடும், இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும்.

உங்கள் பிரதேச சபை உறுப்பினரை செப்டெம்பரிலேயே போய்ப் பாருங்கள். பாடசாலைக்கு மேலே உள்ள சரிவில் கோடு இருக்கிறதா, கடைசியாக யார் செதுக்கினார்கள், கூலி கிடைத்ததா என்று லயத்தில் கேட்டு எனக்கு எழுதுங்கள். படை அமைப்பதைப் பற்றி அப்புறம் பேசலாம்.