கருவியைத் தொட்டதே இல்லை, பிஎச்.டி. இடத்துக்கு விண்ணப்பிக்கலாமா?

கேள்வி: சேலத்தில் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்திருக்கிறேன். புராஜெக்டுக்காக ஜிங்க் ஆக்சைடு நானோ துகள் தயாரித்தேன். எக்ஸ்.ஆர்.டி. (எக்ஸ்ரேயால் படிக அமைப்பைப் பார்ப்பது), எஸ்.இ.எம். (எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம்) இரண்டுக்கும் சாம்பிளை வெளியூர் அனுப்பி ரிசல்ட் வாங்கினோம். நானோ பொருள்களின் ராமன் நிறமாலை (லேசர் ஒளி பட்டுச் சிதறுவதைப் பார்ப்பது), எலக்ட்ரான் நுண்ணோக்கி ஆய்வுக்கு ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) தேவை என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். இந்தக் கருவிகளைக் கண்ணால்கூடப் பார்க்காத நான் விண்ணப்பிக்கலாமா?
- வாசகி, அயோத்தியாப்பட்டணம்

பதில்: தாராளமாக விண்ணப்பியுங்கள். ஆனால் அதற்கு முன் இரண்டு வாரம் உங்கள் புராஜெக்ட் ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். கருவியை ஓட்டச் சேர்ந்த பிறகு சீனியர்கள் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். வரைபடத்தில் ஒரு பீக் (உச்சி) எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பார்க்கும் பழக்கம் இருக்கிறதா என்பதைத்தான் நேர்காணலில் நாங்கள் தேடுகிறோம்.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக்கு டச் (சுத்தம்) பார்ப்பார்களே, அந்த மெஷினும் நிறமாலைக் கருவிதான். எக்ஸ்ரே பட்டதும் வெள்ளியும் செம்பும் தத்தமக்கே உரிய எக்ஸ்ரேயை வெளியிடும். அதை வைத்து எது எவ்வளவு என்று கணக்கிடுகிறது. ஆனால் அது பார்ப்பது மேல் அடுக்கை மட்டும். முலாம் கனமாக இருந்தால் உள்ளே இருக்கும் செம்பு தெரியாது. சந்தேகம் வந்தால் உருக்கித்தான் பார்க்க வேண்டும். எஸ்.இ.எம்.மோடு இணைந்து, சாம்பிளில் என்னென்ன தனிமங்கள் என்று காட்டும் ஈ.டி.எஸ். கருவியிலும் இதே தத்துவம்தான். அங்கே எக்ஸ்ரேக்குப் பதில் எலக்ட்ரான் பாய்கிறது. அந்த எலக்ட்ரான் சுமார் ஒரு மைக்ரான் ஆழம்வரை இறங்கும். உங்கள் துகளோ அதைவிடப் பல மடங்கு சிறியது. அப்படியானால் ஈ.டி.எஸ். தாளில் இருக்கும் கார்பன் பீக் துகளுடையதா, சாம்பிளை ஒட்டிய கார்பன் டேப்புடையதா? தங்க பீக் இருந்தால் அது படம் எடுக்கும் முன் பூசிய பூச்சா? இதை நீங்களாகவே யோசித்துப் பார்த்திருந்தால், நேர்காணலில் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இன்னொன்று. எக்ஸ்.ஆர்.டி.யில் பீக்கின் அகலத்திலிருந்து அளவைக் கணக்கிடும் ஷெரர் சமன்பாடு போட்டு 25 நானோமீட்டர் என்று வந்திருக்கும், எஸ்.இ.எம். படத்தில் 100 என்று தெரியும். பல ரிப்போர்ட்களில் இரண்டும் ஒத்துப்போகின்றன என்று எழுதிவிடுகிறார்கள். பார்க்கவே வருத்தமாக இருக்கும். அவை ஒத்துப்போக வேண்டிய அவசியமே இல்லை. ஷெரர் கணக்கு தருவது ஒரு படிகத் துணுக்கின் அளவு. படத்தில் தெரியும் துகளில் அப்படிப் பல துணுக்குகள் ஒட்டியிருக்கலாம். கருவியே பீக்கைக் கொஞ்சம் அகலப்படுத்தும். அதைக் கழித்தீர்களா என்றும் பாருங்கள். கழிக்கவில்லை என்றால் இப்போது கழித்து, மறுபடி கணக்குப் போடுங்கள்.

ராமனுக்கு, ஜிங்க் ஆக்சைடின் முக்கிய பீக் 437 செ.மீ⁻¹ அலையெண் அருகே ஏன் வருகிறது என்பதைப் படித்துவிட்டுப் போனால் போதும்.

அப்புறம், விளம்பரத்தைக் கவனமாகப் படியுங்கள். ஜே.ஆர்.எஃப். என்று போட்டிருந்தாலும் பல நேரம் அது ஒரு ஆராய்ச்சித் திட்டத்துக்கான தற்காலிகப் பணி; திட்டம் முடிந்தால் சம்பளமும் நின்றுவிடும். பிஎச்.டி. பதிவு தனி. ‘சேர்ந்தால் எப்போது பதிவு செய்யலாம், திட்டத்தில் இன்னும் எத்தனை ஆண்டு பாக்கி?’ என்று கைடிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. நீங்களே நெட் (தேசியத் தகுதித் தேர்வு) எழுதி ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை வாங்கிவிட்டால் இந்தக் கவலை குறையும்: 2023 ஜனவரியிலிருந்து முதல் 2 ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப் படி தனி. 2024 முதல் நெட் தேர்வில் ‘பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும்’ என்றும் ஒரு தகுதி உண்டு. அதில் உதவித்தொகை கிடையாது, மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும்.

ஜெர்மனி மாதிரி நாடுகளில் நெட் கேட்பதில்லை. அங்கே பிஎச்.டி. இடம் பெரும்பாலும் சம்பளத்தோடு கூடிய பணி ஒப்பந்தம். அதற்கும் இதே தயாரிப்புதான்.

கைடுக்கு எழுதும் மெயிலில் ‘நானோ தொழில்நுட்பத்தில் மிகுந்த ஆர்வம்’ என்று எழுதாதீர்கள். வருகிற எல்லா மெயிலிலும் அது இருக்கிறது. மறுபடி போட்ட கணக்கையும், பழைய ரிப்போர்ட்டில் எங்கே தவறு என்று நீங்கள் கண்டுபிடித்ததையும் இரண்டு பக்கத்தில் எழுதி, அதை பயோடேட்டாவோடு இணைத்து அனுப்புங்கள்.