ஆல்ட்டோ ஏன் மெயின் ட்யூனுக்கு ஓடுது?

கேள்வி: ஹைஸ்கூல் மியூசிக் டீச்சர் நான். எங்க கொயர்ல ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைங்க 30 பேர். எல்லாரும் ஒரே மெட்டா பாடினா அழகா இருக்கு, சோப்ரானோ (மேல் குரல்), ஆல்ட்டோ (அதுக்குக் கீழ வேற மெட்டு பாடுற குரல்)ன்னு பிரிச்சா ரெண்டே வரியில ஆல்ட்டோ பிள்ளைங்க மெயின் ட்யூனுக்குப் போயிடுறாங்க. பையன்களுக்கு வேற குரல் உடையுது. என்ன பண்ணலாம்?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: காதைப் பொத்திக்கிட்டு பாடுங்கன்னு ஆல்ட்டோகிட்ட சொல்ற பழக்கம் இருந்தா முதல்ல அதை நிறுத்துங்க டீச்சர். அடுத்த குரலைக் கேட்டுக்கிட்டே தன் குரல்ல நிக்கிறதுதான் இந்த ஸ்டேஜ்ல கத்துக்க வேண்டியதே.

நேரா ஹார்மனிக்கு, அதாவது ஒரே நேரத்துல வேற வேற ஸ்வரம் சேர்த்துப் பாடுறதுக்குப் போகாதீங்க. பாதிப் பேர் 'ச'வைப் பிடிச்சு நிக்கட்டும், மீதிப் பேர் 'ச ரி க ப த'ன்னு மெதுவா ஏறி இறங்கட்டும், அப்புறம் மாத்துங்க. அது நிலைச்சதும் கேனன், அதாவது ஒரு குரூப் பாட ஆரம்பிச்சு அடுத்த குரூப் அதே பாட்டை ஒரு வரி தள்ளி எடுக்கிறது. இதுக்கு மோகன ராகத்துல ஒரு சின்ன மெட்டு எடுத்துக்கோங்க, அதுல ம, நி ரெண்டும் இல்லாததால அரை ஸ்வர இடைவெளியே (ரெண்டு ஸ்வரத்துக்கு நடுவுல வர்ற ரொம்பச் சின்ன இடைவெளி) வராது, எது மேல எது விழுந்தாலும் பெருசா உறுத்தாது, சங்கராபரணத்துல கவும் மவும் ஒண்ணா விழுந்தா காதைக் கடிக்கும், பிள்ளைங்க தப்பா பாடிட்டோமோன்னு பயந்து உடனே லைனை விட்டுடுவாங்க.

அப்புறம் ஆல்ட்டோ லைனை 30 பேருக்கும் சொல்லிக்கொடுங்க, அதையே தனிப் பாட்டா ரசிச்சுப் பாடுற அளவுக்கு, மெயின் ட்யூன் அதுக்கு அப்புறம்தான். உங்க ஊர் சர்ச் கொயர்கள்ல பழக்கமான டோ ரே மி சோல்ஃபா (நம்ம ச ரி க மாதிரி ஸ்வரத்துக்குப் பேர் வெச்சுப் பாடுற முறை) இருக்கே, 19ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்துல ஜான் கர்வென் பரப்பினது, அதோட கை சைகையையும் சேர்த்துக்கோங்க, ஸ்வரம் எங்க நிக்குதுன்னு கண்ணுக்கே தெரியும். நம்ம பாட்டுக்கு இதெல்லாம் ஒட்டாதுன்னு யாராவது சொன்னா எம்.பி.சீனிவாசனைச் சொல்லுங்க, மெட்ராஸ் யூத் கொயரை வெச்சு இந்திய மொழிப் பாட்டுகளையே சேர்ந்திசையா பாட வெச்சவர் அவர்.

நீளமான வரியில எல்லாரும் ஒரே இடத்துல மூச்சு எடுத்தா பாட்டு அறுந்துபோகும், பக்கத்துல நிக்கிறவங்க மாத்தி மாத்தி எடுக்கட்டும்.

குரல் உடையிற பையனை தயவுசெஞ்சு உக்கார வெச்சிடாதீங்க, இப்படி ஒதுக்கின நிறைய பேர் அப்புறம் பாடவே வர்றதில்லை. குரல்நாண் நீண்டு தடிக்கிறதாலதான் குரல் இறங்குது, அந்த நேரத்துல சிரமமில்லாம வர்றது அஞ்சாறு ஸ்வரமாத்தான் இருக்கும், அதுக்குள்ளயே ஒரு லைன் போட்டுக் கொடுங்க, கத்திக்கிட்டே மேல் ஸ்வரத்துக்கு ஏற விடாதீங்க. ரேஞ்ச் மாறிக்கிட்டே இருக்கும், அதனால மாசம் ஒரு தடவை தனியா கூப்பிட்டு செக் பண்ணி லைனை மாத்திக் கொடுங்க.