பிராம்ப்ட் தானாக ஃபெட்ச் செய்வதை விட்டுவைக்கலாமா, நிறுத்திவிடலாமா?

டெர்மினலில் கட்டளை அடிக்கும் வரியில் (பிராம்ப்ட்) கிட் நிலவரத்தைக் காட்டும் பாஷ்-கிட்-பிராம்ப்ட் போட்டதிலிருந்து அது பின்னணியில் தானாகவே ஃபெட்ச் செய்கிறது, அதாவது சர்வரில் உள்ள புது மாற்றங்களை இறக்கிக்கொள்கிறது, இதனால் கெடுதல் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். ரீபேஸ் செய்துவிட்டு (கிளையின் வரலாற்றை மாற்றி எழுதிவிட்டு) ஃபோர்ஸ் புஷ் போடுகிற, அதாவது சர்வரில் உள்ளதன் மேல் வலுக்கட்டாயமாக எழுதுகிற பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் தாராளமாக விட்டுவைக்கலாம்.

பிராம்ப்ட் வரும்போதெல்லாம், நீங்கள் இருக்கும் கிட் ரெப்போவில் (திட்டத்தின் கோப்புகளும் வரலாறும் உள்ள இடம்) கடைசி ஃபெட்ச் நடந்து 5 நிமிடம் ஆகிவிட்டதா என்று பார்க்கும். ஆகியிருந்தால் சத்தமில்லாமல் ஒரு ஃபெட்ச். சர்வரில் எத்தனை கமிட் (பதிவு செய்த மாற்றம்) புதிதாக வந்திருக்கிறது என்று பிராம்ப்டிலேயே காட்டுகிறதே, அது இதனால்தான். உங்கள் கோப்புகளையோ கிளையையோ அது தொடாது. ஆனால் ஆரிஜின்/பேமென்ட் போன்ற ரிமோட் டிராக்கிங் கிளைகளை, அதாவது சர்வரில் உள்ள கிளை கடைசியாக எங்கே நின்றது என்று உங்கள் கணினியில் வைத்திருக்கும் குறிப்பை, நகர்த்திவிடும். சிக்கலே அங்கேதான்.

வெறும் ஃபோர்ஸ் ஆபத்து என்று, சரிபார்த்துவிட்டு மேலெழுதும் ஃபோர்ஸ்-வித்-லீஸ் போடுகிறோம். கூடவே எந்த கமிட் என்று சொல்லாவிட்டால், அது பார்ப்பது ஒன்றே ஒன்று: சர்வரில் உள்ள பேமென்ட் கிளையும் உங்களிடம் உள்ள ஆரிஜின்/பேமென்ட்டும் ஒரே கமிட்டில் நிற்கின்றனவா? நீங்கள் ரீபேஸ் செய்துகொண்டிருக்கும்போது கூட வேலை செய்பவர் அதே கிளையில் ஒரு கமிட் புஷ் செய்கிறார் என்று வையுங்கள். ஃபெட்ச் நடக்காமல் இருந்தால் இரண்டும் பொருந்தாது. 'ஸ்டேல் இன்ஃபோ' (தகவல் பழசு) என்று கிட் மறுத்துவிடும். பிராம்ப்ட் நடுவில் ஃபெட்ச் செய்துவிட்டால் ஆரிஜின்/பேமென்ட் அவருடைய கமிட்டுக்கு நகர்ந்திருக்கும். இப்போது இரண்டும் பொருந்தும், புஷ் போய்விடும், அவருடைய கமிட் கிளையிலிருந்து காணாமல் போய்விடும். நீங்கள் அந்த கமிட்டைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். கிட் ஆவணத்திலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. அதைப் படிக்கிறவர்கள்தான் குறைவு.

நிறுத்துவது சுலபம். பாஷ் அமைப்புக் கோப்பில், ரிமோட் ஸ்டேட்டஸை ஃபெட்ச் செய்யும் மாறிக்கு 0 கொடுத்தால் போதும். ஒரு ரெப்போவுக்கு மட்டும் வேண்டுமானாலும் அதற்குள் தனிக் கோப்பு வைத்து அணைக்கலாம். இசட்-ஷெல்லில் ப்யூர் பிராம்ப்ட் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான், அதிலும் அணைக்க வழி இருக்கிறது.

புது கமிட்களின் எண்ணிக்கை பிராம்ப்டில் கண்ணெதிரே இருந்தே ஆகவேண்டுமா? சரி, அப்போது கிட் 2.30-இல் வந்த ஃபோர்ஸ்-இஃப்-இன்க்ளூட்ஸ் என்பதையும் லீஸோடு சேர்த்துக் கொடுங்கள். சர்வரிலிருந்து வந்த கமிட்டை உங்கள் கிளையில் உண்மையிலேயே சேர்த்திருக்கிறீர்களா என்று ரெஃப்லாக்கை (கிளை எங்கெங்கே நகர்ந்தது என்ற பதிவை) பார்த்துச் சரிபார்த்த பிறகுதான் புஷ்ஷை அனுமதிக்கும். கான்ஃபிகில் ஒரு தடவை போட்டுவிட்டால் ஒவ்வொரு முறையும் தட்ட வேண்டியதில்லை. நான் இதைப் போட்டும் வைத்திருக்கிறேன், பிராம்ப்ட் ஃபெட்ச்சையும் அணைத்திருக்கிறேன். இன்னொருவரின் அரைநாள் உழைப்பு அந்த கமிட்டில் இருக்கலாம், இரண்டு பூட்டு போட்டால் தப்பில்லை.

அப்புறம், விஎஸ் கோட் எடிட்டரில் ஆட்டோஃபெட்ச்சை எப்போதாவது 'ஆம்' என்று ஒத்துக்கொண்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். அது 180 வினாடிக்கு ஒருமுறை இதே வேலையைச் செய்யும். பிராம்ப்டில் மட்டும் அணைத்துப் பயனில்லை.